நுரைத்தடிக்கு மஞ்சள் பூசிய நாள்

நுரையெழும் துன்பக் கலத்தினுள் வீழ்ந்து
கரையறியா தலைந்த காலத்தும் என்னைத்
தரையினில் நிறுத்திய தாளினை உடையாய்
உரைதரு நாவினில் உறைந்தருள் வாயே.

விசயதசமித் திருநாளாகிய இன்று, திருவோணம் கூடிய காலைப்பொழுதில், விளக்கேற்றி வைத்து இதை எழுதத் தொடங்குகிறேன். நல்ல நாளில் தொடங்கும் எழுத்து நல்லதைச் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் சொல்லப்போவது என் கைப்பிழை ஒன்றை. அப்பிழை முன்னோர் ஆண்டில், இத்திருநாளுக்கு முந்தைய நாளில், தெய்வத்தை நினைந்தே செய்யப்பட்டது. ஆதலால் இதை எழுத வேறு நாள் எனக்குப் பொருந்தவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பிற்பகுதி அது. நானும் என் மனைவியும் ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில், மூன்றாம் மாடியில், ஓர் அறை வீட்டில் இருந்தோம். எங்கள் அகதி விண்ணப்பம் என்றோ நிராகரிக்கப்பட்டிருந்தது. கையில் இருந்தது ‘துல்டுங்’ என்னும் காகிதம். உங்களை நாட்டைவிட்டு அனுப்புவதைச் சில காலம் தள்ளி வைத்திருக்கிறோம் என்பதே அதன் பொருள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகம் சென்று, அதே நாற்காலியில் அமர்ந்து, அதே தாளில் புதிய முத்திரை பெற்றுத் திரும்புவோம். பத்தாண்டுகளுக்கு மேல் இவ்வாறு கழிந்தது. பிறவிச் சுழற்சியைப் பற்றிய பதிகங்களை ஓதும்போதெல்லாம் எனக்கு அந்த அலுவலகத்தின் காத்திருப்பு அறையே கண்முன் வரும்.

அக்காலத்தில் ஒரு வழி திறந்தது. நெடுநாள் துல்டுங்கில் இருப்பவர்கள் நிலையான வேலையொன்றைக் காட்டினால் தங்கும் உரிமை கேட்கலாம் என்றார்கள். ஊரில் போர் மறுபடியும் மூண்டிருந்தது. எங்கள் வீடு இருந்த இடம் இப்போது யார் கையில் என்றுகூடத் தெரியாது. வேலை ஒப்பந்தத்தோடு வரும்படி, ஒக்டோபர் மாதக் கடைசியில் ஒரு நாளை எங்களுக்குக் குறித்துத் தந்தார்கள். அன்று வெறுங்கையோடு போனால் அடுத்த முத்திரை விழுமா என்பதை அலுவலர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கத் துணியவில்லை.

ஐம்பத்தெட்டு வயதுக்காரனுக்கு யார் வேலை தருவார்? சுற்றியிருந்த உணவகங்கள், சலவைக்கூடங்கள், களஞ்சியங்கள் அனைத்திலும் கேட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கத் தம்பியொருவர் வீடு தேடி வந்தார். நாற்பதைக் கடந்தவர், தச்சு வேலை செய்பவர், ஜேர்மன் மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

“அண்ணை, ஒரு வேலை இருக்கு. ஆனால் நீங்கள் கோவிக்கக் கூடாது.”

“கக்கூசு கழுவுறதோ? அதுக்கென்ன தம்பி, ஓமெண்டு சொல்லும்.”

“அதெண்டால் நான் யோசிக்காமல் சொல்லியிருப்பன். இது பியர் காய்ச்சிற இடம்.”

என் வாழ்நாளில் மது என் உதட்டைத் தொட்டதில்லை. தீட்சை பெற்ற நாள்முதல் மூன்று வேளையும் நீறணிந்து ஓதி வருபவன் நான். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

“குடிக்கச் சொல்லேல்லைத்தானே, அடுப்பெரிக்கத்தானே கேக்கினம்? உங்கடை சிவன் சுடலையிலை ஆடலாம். நீங்கள் ஒரு பியர்க் கொட்டிலுக்கை விறகு வைக்க ஏலாதோ?”

மறுநாளே நான் அங்கே போனேன்.

இந்நாட்டிலிருந்து ஒரு காலத்தில் ஏழை உழவர் பலர் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குப் போனார்களாம். நகரத்துக்கு வெளியே, மூடப்பட்ட சுரங்கமொன்றை ஒட்டிய காட்டோரத்தில், அந்த உழவரின் குடியிருப்பை ஒரு கழகத்தார் மரத்தாலும் மண்ணாலும் மறுபடி கட்டியிருந்தார்கள். கொல்லன் பட்டறை, ரொட்டி சுடும் சூளை, பியர் காய்ச்சும் கொட்டில் எல்லாம் உண்டு. அங்குள்ள மரவேலையைத் தம்பியே பார்த்துவந்தார். மற்ற நாள்களில் ஆசிரியராகவும் அலுவலராகவும் இருப்பவர்கள், சனி ஞாயிறுகளில் முக்கோணத் தொப்பியும் முரட்டுத் துணிச் சட்டையும் அணிந்து, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய மனிதராக அங்கே வாழ்ந்தார்கள். பார்வையாளர் நுழைந்தபின் கைக்கடிகாரம் கூடாது. கடையில் வாங்கிய எதுவும் கண்ணில் படக்கூடாது. பேச்சும் அக்காலத்துப் பேச்சாகவே இருக்க வேண்டும்.

என் நிறத்துக்கு அங்கே என்ன வேடம் பொருந்தும் என்று கழகத்தார் கூடிப் பேசினார்கள். அடிமை என்று ஒருவர் தொடங்கி, மற்றவர்களின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கழகத் தலைவி ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. தடித்த நூலொன்றைத் திறந்து, கிழக்கிந்தியக் கப்பல்களில் வேலை செய்த நம் கடலோர மாலுமிகள் சிலர் அந்நாளிலேயே அமெரிக்கத் துறைமுகங்களில் இறங்கித் தங்கிவிட்டார்கள் என்று காட்டினார். அன்றுமுதல் நான் கப்பலைவிட்டு இறங்கிய மாலுமி ஆனேன்.

“அந்தக் காலத்திலை இறங்கின மாலுமியிட்டை என்ன பேப்பர் கேப்பினமாம்?” என்று தம்பியிடம் கேட்டேன்.

தம்பி தலைவியிடம் விசாரித்து வந்தார். “ஒண்டும் கேக்கிறேல்லையாம் அண்ணை. வேலை செய்வியோ எண்டு மட்டும்தானாம்.”

“அப்ப என்னை அந்தக் காலத்துக்கே நாடுகடத்தச் சொல்லும்.”

தம்பி நெடுநேரம் சிரித்தார்.

பியர் காய்ச்சுபவர் எழுபதைத் தாண்டியவர். முப்பது ஆண்டுகள் நிலத்துக்கு அடியில் கரி வெட்டி, மூச்சில் இரைச்சலோடு மேலே வந்தவர். ஓய்வு பெற்றபின் இந்தக் கொட்டிலே அவர் உலகம். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பார்வையாளர் இல்லாத நேரத்திலும் ‘மாலுமி’தான். அவர் சொன்னதைத் தம்பி எனக்கு மொழிபெயர்த்தார்: அறுவடை விழா வரையில் என் வேலையைப் பார்ப்பாராம், அவர் சரியென்றால் விழா முடிந்ததும் தலைவி வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவாராம். விழாவுக்கும் எங்கள் அலுவலக நாளுக்கும் நடுவே நான்கே நாள்.

வேலை எனக்குப் பிடித்துப்போயிற்று என்று சொன்னால் பிழையில்லை. முளைகட்டி வறுத்து உடைத்த வாற்கோதுமையைச் சுடுநீரில் ஊறவைத்து, வைக்கோலில் வடித்து, அந்த இனிப்பு நீரைச் செப்புக் கொப்பரையில் ஏற்றுவோம். கரும்புப்பாகும், ஊசியிலை மரத்தின் கொழுந்தும், கசப்புப் பூவும் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். எவ்வளவு நேரம் என்று பார்க்கக் கடிகாரம் இல்லை. அந்நாளில் விவிலிய வாசகம் சொல்லி நேரம் கணித்தார்களாம். முதல் நாள் நான் அடுப்பின் முன் முணுமுணுத்ததைக் கேட்ட கிழவர், தம் கடிகாரத்தை மறைவாக வைத்து அளந்து பார்த்தார். நான்கு பதிகங்களை விருத்தமாய் நீட்டி ஓதினால் ஒரு மணிநேரம். அன்றுமுதல் கொப்பரைக்கு என் பதிகமே கணக்காயிற்று. “இது கடற்பாட்டு” என்று பார்வையாளரிடம் சொல்லிவிடுவார். யாருக்காகப் பாடப்பட்டவை, எதன்முன் நின்று ஓதப்படுகின்றன என்று முதல் வாரம் கூசினேன். பிறகு, நெருப்பு உள்ள இடமெல்லாம் அவன் சந்நிதி என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தக் கொட்டிலின் உத்தரத்தில், கயிற்றில், ஒரு தடி தொங்கியது. முழங்கை நீளம், நுனியில் மரக்குச்சிகளைக் கட்டாய்ப் பிணைத்திருக்கும். கொப்பரை நீர் இளஞ்சூட்டுக்கு ஆறி மரத்தொட்டிக்கு மாறியதும், கிழவர் அதை எடுத்துத் தொட்டிக்குள் சுழற்றி, சிறிது நேரம் ஊறவைத்து, மறுபடி தொங்கவிடுவார். குச்சிகளின் இடுக்கெல்லாம் பழுப்பு நிறப் பொருக்கு. கிட்டப்போனால் புளித்த வாடை. கிண்டுவதற்கான தடி, கழுவாமல் விட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். இருநூற்றைம்பது ஆண்டு அழுக்கை நடிப்பதற்காக இந்த அழுக்கையும் வைத்திருக்கிறார்களோ என்றும் எண்ணியதுண்டு. கேட்க எனக்கு மொழி இல்லை.

ஆயுத பூசை வந்தது. அன்று குடியிருப்பு பார்வையாளருக்கு மூடிய நாள். கிழவரும் வரவில்லை. விறகு அடுக்கப் போன நான், கையோடு மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் கொண்டுபோனேன். சோறு தரும் கருவிக்கு நன்றி சொல்லாமல் ஓராண்டைக் கடத்துவது எங்கள் குடியில் வழக்கமில்லை. கோடரி, துருத்தி, அகப்பை, வடிதட்டு என ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சாம்பலிட்டுத் தேய்த்தேன். கொப்பரையைப் புளிபோட்டு விளக்கினேன்; அது விடியற்கதிர்போல ஒளிர்ந்தது. கடைசியாகத் தடியை இறக்கினேன். எல்லாவற்றிலும் அழுக்கேறியது அதுவே. ஆகவே அதற்கே மிகுதியாக உழைத்தேன். பொருக்கைக் கத்தியால் சுரண்டினேன். கொதிநீரில் அமிழ்த்தி, குச்சி குச்சியாய்த் தேய்த்து, மறுபடி கொதிநீர் ஊற்றினேன். உலர்ந்தபின் மஞ்சள் குழைத்துப் பூசி, கைப்பிடியில் மூன்று குறி நீறிட்டு, காட்டோரத்தில் பறித்த பூ ஒன்றை வைத்துத் தொங்கவிட்டேன். பத்துப் பாட்டு ஓதினேன். திரும்பி வரும்போது மனம் நிறைந்திருந்தது. அலுவலக நாள் குறித்த பின் அப்படியொரு நிறைவு எனக்குக் கிட்டியதில்லை.

மறுநாள் கிழவர் கொப்பரையைப் பார்த்து, அதில் தம் முகம் தெரிவதைக் கண்டு, என் தோளில் தட்டினார்; உத்தரத்து இருளில் தொங்கிய தடியை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “மாலுமி, கப்பலில் உன் தளம்தான் மிகச் சுத்தமாக இருந்திருக்கும்” என்றதாகத் தம்பி சொன்னார்.

அதற்கு அடுத்த நாள் விழாவுக்கான பியரைக் காய்ச்சினோம். விழாவுக்கு இன்னும் பதினொரு நாள். தொலைவிலுள்ள கழகங்களிலிருந்தெல்லாம் அந்தப் பியரைக் குடிப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் கூட்டமொன்று கொட்டிலை நிறைத்திருந்தது. கிழவர் தொப்பியைச் சரித்துவைத்து அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நீர் ஆறியதும் திரும்பிப் பாராமலே கையைக் காட்டினார். நான் தடியை இறக்கி, பூவை எடுத்துவிட்டு, தொட்டிக்குள் சுழற்றி ஊறவைத்தேன். பிறகு மூடியை வைத்து மூடினோம்.

வழக்கமாக மறுநாட் காலையில் மூடியைத் திறந்தால் வெண்ணுரை ஒரு சாண் உயரம் எழுந்து நிற்கும். தொட்டியின் பக்கத்தில் நின்றாலே உள்ளே மழை தூறுவதுபோல ஓர் ஒலி கேட்கும். அன்று திறந்தபோது நீர் கண்ணாடிபோலக் கிடந்தது.

“குளிர்” என்றார் கிழவர். தொட்டியைச் சாக்கால் போர்த்தினோம். இரண்டாம் நாளும் அதேதான். அன்று மாலை தம்பி கதவொன்றைச் செப்பனிட வந்திருந்தார். கிழவர் தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே அமர்ந்திருந்ததைக் கண்டு என்னிடம் வந்தார்.

“என்ன அண்ணை, மனுசன் செத்தவீட்டிலை இருக்கிறமாதிரி இருக்கிறார்?”

“பியர் நுரைக்கேல்லைத் தம்பி.”

“தடியை வைச்சனீங்களோ? அந்தத் தடியிலைதானே அதின்ரை உயிர் இருக்கு.”

“என்ன உயிர்?”

“அதிலை காய்ஞ்சு ஒட்டிக்கிடக்கிறதுதான் அண்ணை ஈஸ்ற், புளிச்சு நுரைக்க வைக்கிற சாமான். ஒவ்வொருமுறை தோய்க்கேக்கையும் அது முழிச்சு வேலை செய்யும். திரும்பக் காய்ஞ்சு நித்திரை கொள்ளும். ஒன்பது வருசமாய் அந்த மனுசன் அதைச் சாகவிடாமல் வைச்சிருக்கிறார். அந்தக் காலத்து ஆக்களுக்கு அது என்னெண்டு தெரியாதாம். கடவுள் தாறது எண்டு சொல்லிப்போட்டு விட்டிடுவினமாம். அதைத்தானே பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஒவ்வொருநாளும் சொல்லுறார்.”

ஒன்பது ஆண்டு உயிரொன்றைச் சுரண்டி, கொதிநீர் ஊற்றிக் கொன்று, பிணத்துக்கு மஞ்சள் பூசுவதுபோலப் பூசி, பூவும் வைத்திருக்கிறேன். தம்பியிடம்கூட அதைச் சொல்லவில்லை. விறகு எடுக்கப் போவதாகச் சொல்லிக் காட்டோரத்துக்குப் போய், மரமொன்றில் சாய்ந்து நின்றேன். சாம்பல் பூசியவனை, பேய்களோடு ஆடுபவனை, அழுக்கென்று உலகம் ஒதுக்கியதையெல்லாம் மேனியில் தரித்தவனை ஐம்பதாண்டு பாடியவன் நான். என் முன்னே ஓர் உயிர் அழுக்கின் உருவில் தொங்கியபோது எனக்குத் தெரியவில்லை.

சொல்லிவிடலாம். சொன்னால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் அந்த அலுவலகக் கதிரையில் நானும் மனைவியும் வெறுங்கையோடு. அவள் கால்கள் வீங்கி, மாடிப்படி ஏற மூன்று முறை நின்று மூச்சு வாங்குகிறாள். அவளை எந்த ஊருக்கு, எந்தக் குண்டு விழும் தெருவுக்குக் கூட்டிப்போவேன்? சொல்லாவிட்டால்? குளிரைக் குற்றம் சொல்வார்கள், தானியத்தைக் குற்றம் சொல்வார்கள். யாரும் என்னைச் சந்தேகிக்கப் போவதில்லை. கொப்பரையை முகம் தெரியத் தேய்த்தவன் அல்லவா நான்.

மூன்றாம் நாள் காலையில், தொழிற்சாலைக் கூடமொன்றில் அமைந்த எங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அருச்சனைத் தட்டை வாங்கிய ஐயர், “என்ன வேண்டுதல்?” என்று கேட்டார்.

“தொழில் நல்லாய் நடக்கோணும் எண்டு சொல்லுங்கோ ஐயா.”

“என்ன தொழில்?”

“அவருக்குத் தெரியும்,” என்று பிள்ளையாரைக் காட்டினேன்.

மணி ஒலித்தது. மதுவைத் தொடாத ஒருவன், பியர் நுரைக்க வேண்டும் என்று கண்ணீர் மல்கத் தெய்வத்தின் முன் நின்றேன். பதிகம் ஓத வாய் திறந்தேன். முதலடிக்குப் பின் ஒன்றும் வரவில்லை. பிழையை மறைத்துக்கொண்டு ஓதும் நாவுக்கு இரண்டாம் அடி அருளப்படுவதில்லை போலும். அங்கிருந்து கொட்டிலுக்குப் போனேன். தொட்டி அசைவற்றே கிடந்தது. தலைவி வந்து, கடையில் ஒரு பைக்கற்று ஈஸ்ற் வாங்கிப் போட்டால் யாருக்குத் தெரியும் என்று தாழ்ந்த குரலில் கேட்டார். “எனக்குத் தெரியும்” என்றார் கிழவர். ஜேர்மன் மொழி அவ்வளவு தெளிவாக எனக்கு விளங்கிய நாள் வேறில்லை.

நான்காம் நாள் விடிந்ததும் மனைவியிடம் கேட்டேன்.

“இஞ்சரும், புளிச்ச தோசை மா இருக்கோ?”

“இருக்கு. எத்தினை சுடட்டும்?”

“சுடவேண்டாம். ஒரு போத்தலிலை ஊத்தித் தாரும்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்படிக் கதிரையில் அமர்ந்து கேட்டாள்.

“இந்தக் குளிருக்கை அந்த மாவைப் புளிக்க வைக்க நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். கீற்றர்ச் சூட்டுக்குப் பக்கத்திலை வைச்சு, போர்வை போத்து, பிள்ளை வளக்கிறமாதிரி. அதைக் கொண்டுபோய்ப் பியருக்கை ஊத்தப்போறியளோ?”

“ஊத்தினால் ஒருவேளை…”

“ஊத்தினால் அந்த மனுசன் புளிச்ச தோசைத் தண்ணியைத் தன்ரை பியரெண்டு ஊராருக்குக் குடுப்பார். ஒரு பிழையை வைச்சு இன்னொண்டை மூடப்போறியள். நல்ல சிவதொண்டு.” எழுந்து, பழஜாம் போத்தலொன்றைக் கழுவி, மாவை ஊற்றி, மூடியைத் தளர்வாக மூடித் தந்தாள். “கொண்டுபோங்கோ. ஊத்துறதோ விடுறதோ உங்கடை எண்ணம். என்னை நினைச்சுப் பொய் சொல்லவேண்டாம். அந்தப் பாரம் எனக்கு ஏலாது.”

டிராமில் அந்தப் போத்தலை மடியில் வைத்திருந்தேன். மா உள்ளே மெல்லப் பொங்கிக்கொண்டிருந்தது.

கொட்டிலுக்குள் எனக்கு முன்பே கிழவர் இருந்தார். மாலுமியின் வேடம் அணியாமலே உள்ளே போனேன். அவரும் தொப்பி அணியவில்லை. தொட்டியின் மரத்தில் காதை வைத்துக் குனிந்திருந்தார். என்னைக் கண்டு நிமிர்ந்து, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்: “கேட்கவில்லை. காது போய்விட்டது. கையும் போய்விட்டது. நான் கிழவன்.” சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்துக் காட்டினார். இனிக் காய்ச்சப் போவதில்லை என்று தலைவிக்கு எழுதியது. நண்பகலில் கொடுக்கப் போகிறாராம்.

தம் கையில் பிழையில்லாத ஒரு மனிதர் தம் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு என் முன்னே நின்றார். அதற்குமேல் என்னால் ஏலவில்லை.

“நான்,” என்றேன் ஜேர்மன் மொழியில். தடியை இறக்கினேன். தேய்ப்பதுபோல் கையை அசைத்தேன். “கொதிநீர். நான். சுத்தம். கடவுளுக்கு விழா. நான் தெரியாது.” எனக்கு வாய்த்த சொற்கள் அவ்வளவே.

அவர் தடியை வாங்கினார். குச்சிகளை விரலால் விரித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மஞ்சள் மணம் இன்னும் போகவில்லை. அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. தடியைத் தொட்டியின் மேல் ஓங்கி அறைந்தார்; ஒரு குச்சி முறிந்து தெறித்தது. வெளியே போய், தம்பியின் பெயரை உரத்துக் கூவினார்.

தம்பி உளியும் கையுமாக ஓடி வந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். “ஐயோ அண்ணை, கழுவினனீங்களோ? என்னட்டை ஒரு சொல்லு கேட்டிருக்கக் கூடாதோ?” என்றவர், கிழவரின் பக்கம் திரும்பி நெடுநேரம் பேசினார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். சுரங்கத்தில் இறங்குமுன் உங்கள் காவற் புனிதைக்கு விளக்கேற்றுவீர்களே, கருவிகளை மந்திரிப்பீர்களே, இந்த மனிதர் அதைத்தான் செய்தார் என்று சொன்னாராம்.

கிழவர் இரைக்கும் மூச்சோடு என்னைப் பார்த்துக் கேட்டார். தம்பி மொழிபெயர்த்தார்: “எப்ப தெரியும் எண்டு கேக்கிறார்.”

“ரெண்டாம் நாள் பின்னேரம்.”

“அப்ப ரெண்டு நாளாய் வாய் திறக்கேல்லையோ எண்டு கேக்கிறார்.”

தலை குனிந்தேன். கிழவர் பேசினார், தம்பியின் குரலும் தாழ்ந்தது. “கீழை, சுரங்கத்துக்கை, ஒருத்தன் தாங்குகட்டையைச் சரியாய் வைக்காமல் விட்டிட்டு வந்து சொன்னானெண்டால் பேச்சு விழுமாம். சொல்லாமல் விட்டானெண்டால் அவனோடை ஒருத்தரும் திரும்பக் கீழை இறங்கமாட்டினமாம். நீங்கள் ரெண்டுக்கும் நடுவிலை நிக்கிறியளாம். என்ன செய்யிறதெண்டு தனக்கே தெரியேல்லையாம்.”

அப்போதுதான் என் கையிலிருந்த போத்தல் கிழவரின் கண்ணில் பட்டது. என்னவென்று கேட்டார். அதையும் மறைக்கவில்லை, எதற்காகக் கொண்டுவந்தேன் என்றும் சொன்னேன். மூடியைத் திறந்தார். மா குமிழிட்டது. விரலால் தொட்டு நாவில் வைத்தார். முகம் சுளித்தார். போத்தலை மூடித் திருப்பித் தந்தார்.

“இது உயிரோடு இருக்கிறது,” என்றார். “இதையும் கழுவிவிடாதே, மாலுமி.”

தம்பி சிரித்துவிட்டார். கிழவர் சிரிக்கவில்லை. மடித்த தாளை அடுப்பில் போட்டுவிட்டுத் தலைவியைத் தேடிப் போனார்.

கெட்டுப்போன தொட்டியை அன்று நானும் அவரும் காட்டோரத்தில் கவிழ்த்தோம். விழாவன்று பியர் இல்லை. புதிதாய்க் காய்ச்சிய, நுரைக்காத இனிப்பு நீரைக் கொழுந்தின் மணத்தோடு கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தோம். தொலைவிலிருந்து வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவர் என் காதுபடவே பழித்தார். கிழவர் தொப்பியை அணிந்து நின்று, “இவ்வாண்டு கடவுள் தரவில்லை” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். என் பெயரை அவர் எவரிடமும் சொல்லவில்லை. தலைவிக்கு மட்டும் எல்லாம் தெரியும்.

விழா முடிந்ததும் தலைவி என்னை அழைத்தார். முழுநேர வேலைக்கு இனி அவர் கையெழுத்திட மாட்டாராம். கிழவர் மேசையில் கையூன்றி நெடுநேரம் வாதாடினார். கடைசியில் அரைநேர வேலை, ஆறு மாதத்துக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். கிழவர் தாளை என்னிடம் நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அலுவலகத்தில் எங்கள் எண் ஒளிர்ந்தது. உள்ளே போய் அமர்ந்தோம். அலுவலர் ஒப்பந்தத்தை இருமுறை படித்தார். வேலையின் பெயரில் கண் தங்கியது. ‘பழங்காலப் பியர்க் கொட்டில் உதவியாளர்’ என்றிருந்தது. தலையை ஆட்டினார். தங்கும் உரிமைக்கு இது போதாது. அரைநேரம், ஆறு மாதம், இரண்டு பேருக்கு. ஆனால் வேலை தொடங்கிவிட்டது என்பதால் மூன்று மாதம் தருகிறேன், முழுநேரம் ஆனால் மறுபடி கொண்டுவா என்றார். பழைய தாளில் புதிய முத்திரை விழுந்தது.

வெளியே மழை. படிக்கட்டில் மனைவி நின்று மூச்சு வாங்கினாள். பொய்யோடு வந்திருந்தால் இப்போது தங்கும் உரிமை கையில் இருந்திருக்கும். அது இருவருக்கும் தெரியும்.

“அடுத்த கிழமை வேலைக்குப் போவியளோ?” என்றாள்.

“போவன். புது ஈஸ்ற் தேடி அவர் காட்டு மரக்குச்சியள் கொஞ்சத்தை இனிப்புத் தண்ணியிலை தோய்ச்சு வைச்சிருக்கிறார். வந்தால் வருமாம். வராட்டில் வராதாம்.”

“வருமட்டும் அந்த மனுசனோடை நில்லுங்கோ,” என்று சொல்லி, என் தோளைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள். மூன்று மாதத்துக்குப் பின் எங்களை என்ன செய்வார்கள் என்று அன்று எனக்குத் தெரியாது. மழைக்குள் நடந்துகொண்டே ஒரு பதிகத்தைத் தொடங்கினேன். முதலடிக்குப் பின் இரண்டாம் அடியும் வந்தது.

இதைப் படிக்கும் நீங்கள் அனைவரும், எந்த நாட்டில் எந்தத் தாளை ஏந்தி நின்றாலும், செய்த பிழையைச் சொல்ல ஒரு செவி பெறுவீராக. சொன்ன பின்னும் காலூன்றி நிற்க ஒரு சாண் நிலம் பெறுவீராக. உங்கள் அடுப்பு அணையாதிருக்க. உங்கள் இல்லத்தில் உயிருள்ளவை எல்லாம் உயிரோடிருக்க. திருவருள் முன்னின்று காக்க.